கூர் பத்தாத ஊசி

முப்பத்தோரு வயதில் இளஞ்செழியன் சாதித்தது என்ன என்று யாராவது கேட்டிருந்தால், ஒரு ஊசி என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். அதுவும் முழு ஊசி அல்ல, முக்கால் ஊசி. மிச்சக் காலான முனையை ஏழு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தான். நல்லவேளை, ஊரில் அவனிடம் யாரும் நேராகக் கேட்கவில்லை. கேட்பவர்களுக்கெல்லாம் அவனுடைய அப்பா பொன்னுரங்கமே பதில் சொல்லி அனுப்பிவிடுவார்.

சென்னையில் ஒரு கல்லூரியின் ஆராய்ச்சிக்கூடத்தில் அவன் செய்துவந்த வேலை இதுதான். பல்புக்குள் எரிகிறதே டங்ஸ்டன், அந்தக் கம்பியில் விரல் நீளம் வெட்டி, மருந்துத் தண்ணீரில் முக்கி மின்சாரம் விட்டால் முனை கரைந்து கரைந்து முடியை விட மெல்லிசாகும். பிறகு கம்பி முழுவதும் வார்னிஷ் பூச வேண்டும், முனையில் மட்டும் பூசக் கூடாது. அந்தத் திறந்த முனையை ஒரு பூச்சியின் நரம்பில் செருகினால், நரம்பில் ஓடும் செய்தி கம்பி வழியாக ஏறி, ஆம்ப்ளிஃபையரில் பெருகி, ஸ்பீக்கரில் டப் டப் என்று கேட்கும். பூச்சி என்று மரியாதைக்குச் சொன்னேன். கரப்பான்பூச்சி. ஆய்வுக்கு அவன் வைத்திருந்த தலைப்பு 'மேம்படுத்தப்பட்ட நுண்மின்முனை'. ஏழு வருஷத்தில் மேம்பட்டது அந்தத் தலைப்பு ஒன்றுதான். ஸ்பீக்கரில் கேட்டதெல்லாம் 'ம்ம்ம்ம்' என்ற முனகல். பதில் தெரியாத மாணவன் வாத்தியார் முன்னால் நின்று இழுப்பானே, அதே இழுப்பு.

முனகலுக்குக் காரணம் ஊசிதான் என்பதில் அவனுக்குச் சந்தேகமே வந்ததில்லை. முனை மொக்கையாக இருக்கும், இல்லாவிட்டால் வார்னிஷ் முனையையும் மூடியிருக்கும். ஆகவே கூராக்கினான். அது போதாதென்று இன்னும் கூராக்கினான். பேராசிரியரும் ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "கூர் பத்தலை" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னார். ஊசியைச் சொல்கிறாரா, தன்னைச் சொல்கிறாரா என்று முதல் இரண்டு வருஷம் இளஞ்செழியனுக்குக் குழப்பம் இருந்தது. அப்புறம் குழப்பம் தீர்ந்துவிட்டது. கடைசியில் அவர் ஒரு தேதியையும் சொன்னார். செப்டம்பர் முப்பதாம் தேதி மூன்று பேர் கொண்ட குழு வருகிறது, அன்றைக்கு முனகல் இல்லாத ஒரு கேசட்டாவது போட்டுக் காட்டாவிட்டால் ஆராய்ச்சிப் பதிவையே ரத்து செய்துவிடுவார்கள்.

அது 1987. செப்டம்பர் பதினைந்தாம் தேதி அவன் ஊருக்கு பஸ் ஏறியது அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான். ஆராய்ச்சியைப் பற்றிப் போன பொங்கலுக்கே "முடிஞ்சிடுச்சி" என்று சொல்லி வைத்திருந்தான். இனி அதைத் திரும்ப வாங்க வேண்டும். சும்மா போக மனமில்லாமல் பேட்டரியில் ஓடும் சின்ன ஆம்ப்ளிஃபையர், கேசட் ரெக்கார்டர், தோற்றுப்போன பதினோரு ஊசிகள், இன்னும் வார்னிஷ் பூசாத நாலைந்து ஊசிகள், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஒன்பது கரப்பான்பூச்சிகள் எல்லாவற்றையும் சூட்கேஸில் அடைத்துக்கொண்டான்.

தியாகதுருகத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவில், புளியமரச் சாலையை ஒட்டி அவனுடைய ஊர். சூட்கேஸைத் திறந்த அம்மா காசியம்மாள் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். நம்ம வூட்டில் இல்லாததா, இதையும் மெட்ராஸிலிருந்தா எடுத்துவர வேண்டும் என்று கேட்டாள். அவன் பாட்டிலை வாங்கித் திண்ணையில் வைத்தான்.

உண்மையைச் சொல்ல வாய் திறப்பதற்குள் வாசலில் பாவாடை வந்து நின்றார். பக்கத்துக் கொல்லைக்காரர், ஐம்பது வயது இருக்கும். அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர். பொன்னுரங்கம் மகனின் ஆராய்ச்சியை ஊருக்கு எப்படி விளக்கியிருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. நரம்பில் ஊசி குத்துகிறான் என்று மகன் ஒரு தடவை சொன்னதை அவர் 'நரம்பு ஊசி போடறான்' என்று ஆக்கி வைத்திருந்தார்.

"தம்பி, தோள்பட்டைல இருந்து நரம்பு சுண்டி இஸ்துக்கினே இருக்குதுங்க. ஒரு ஊசி போட்டு வுடுங்க" என்றார் பாவாடை.

தான் ஊசி போடுவது கரப்பான்பூச்சிக்கு என்று இளஞ்செழியன் எடுத்துச் சொன்னான். பாவாடை திண்ணையில் இருந்த பாட்டிலைப் பார்த்தார்.

"அதுக்கே போடறீங்க. எனக்குப் போடக் கூடாதா?"

இந்த நியாயத்தை மறுக்க அவனுடைய படிப்பு போதவில்லை. வரிசையில் கடைசியாக நின்றவர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுச் சுவர் விளம்பரங்களில் நரம்பு என்ற சொல்லுக்கு என்ன பொருளோ அந்தப் பொருளில் ஒரு சந்தேகம் கேட்டார். அவருக்குக் கீரை சாப்பிடச் சொல்லி அனுப்பினான்.

பதினேழாம் தேதி விடிந்ததும் மறியல் தொடங்கிவிட்டது. படிப்பிலும் வேலையிலும் தங்கள் சாதிக்குத் தனி இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம், எந்தச் சாலையிலும் வண்டி ஓடக் கூடாது. ஊருக்கு வெளியே இரண்டு புளியமரங்கள் சாலைக்குக் குறுக்கே கிடந்தன. ஒன்று சாயும்போது மின்கம்பியையும் இழுத்துக்கொண்டு சாய்ந்ததில், கள்ளக்குறிச்சி வரை கரன்ட் போனது. பொன்னுரங்கம் தலையில் துண்டு கட்டிக்கொண்டு மற்றவர்களோடு சாலையில் உட்கார்ந்துவிட்டார். அவர் அங்கே பேசியதை இளஞ்செழியன் மரத்துக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டான்.

"எங்க ஊர்ல ஒருத்தன் படிச்சி மேல போனான், எம் புள்ள. முட்டி மோதிப் போனான். எடம் குடுத்துப் பாருங்க, ஊருக்குப் பத்து செழியன் வருவான்."

ஊருக்குப் பத்து செழியன் வந்தால் கரப்பான்பூச்சி இனத்துக்குத்தான் ஆபத்து என்று அவன் நினைத்தான். ஆனால் சிரிப்பு வரவில்லை. மறுநாள் வேறு ஊர்களில் துப்பாக்கிச் சூடு, சாவு என்று சேதி வந்தபோது சாலையில் இருந்தவர்களின் பேச்சு நின்றுபோனது. அவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இடத்தில், உதாரணத்துக்குத் தன் பெயர் சொல்லப்படுகிறது. அந்தப் பெயரை இன்னும் பன்னிரண்டு நாளில் பதிவேட்டிலிருந்து அடித்துவிடப் போகிறார்கள். அவனுக்கு வெட்கமாக இருந்தது. அங்கே நிற்க முடியாமல் ஊசி டப்பாவையும் பூச்சி பாட்டிலையும் ஆம்ப்ளிஃபையர் பெட்டியையும் தூக்கிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு நடந்தான்.

துருகம் ரோட்டில் அப்சலுக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. இருவரும் பத்தாவது வரை ஒரே பெஞ்சு. பரீட்சையில் அப்சல் இவனைப் பார்த்து எழுதித்தான் கணக்கில் தோற்றான். அதற்காக இதுவரை ஒரு வார்த்தை சொல்லிக்காட்டியதில்லை. மறியலால் மோட்டார் எதுவும் வராமல் அவன் சும்மா உட்கார்ந்திருந்தான். ஊசிகளை ஒவ்வொன்றாகப் பூதக்கண்ணாடியில் பார்த்தான்.

"வார்னிஷ முத்து முத்தா கோத்து வெச்சிக்கினு இருக்கிறியே. காயிலுக்கு மொதல்ல சூடு காட்டணும்டா. அப்பறம் முக்கி, மூக்கு மேல பாக்க நிக்க வெச்சி வடிய வுடணும். நீ தலகீழா தொங்க வுட்டிருக்க. அதான் அம்புட்டும் மூக்குல வந்து நிக்குது."

ஊரெங்கும் எரிந்துபோன பம்ப்செட் மோட்டார்களை உயிர்ப்பிக்கிறவன் சொல்கிறான். செய்து பார்த்தார்கள். கரியடுப்பின் மேல் ஒரு தகரத் தட்டில் மணல் பரப்பி, சூடு காட்டி வார்னிஷில் முக்கி எடுத்த ஒரு புது ஊசியை முனை மேலே பார்க்க நட்டு வைத்தார்கள். வார்னிஷ் முனையை விட்டு நழுவிக் கீழே இறங்கி ஒரே சீராகக் காய்ந்தது. பிறகு இளஞ்செழியன் கரப்பானை ஒரு கார்க்கில் மல்லாக்கப் படுக்கவைத்து, வயிற்று நரம்பில் முனையைச் செருகி, ஆம்ப்ளிஃபையரைப் போட்டான்.

முனகல் இல்லை. ஏழு வருஷமாகக் காதில் குடியிருந்த முனகல் அடியோடு இல்லை. அந்த அமைதியில் டப் என்று ஒன்று கேட்டது. பிறகு டப் டப். பூச்சியின் வால் பக்கம் மெதுவாக ஊதினான். டபடபடபவென்று ஸ்பீக்கர் பொரிந்தது. ஊதுவதை நிறுத்தியதும் அடங்கியது. மறுபடி ஊதினான், மறுபடி பொரிந்தது. அப்சல் குனிந்து தானும் ஒரு தடவை ஊதிப் பார்த்தான். இளஞ்செழியனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. 'வெப்பமூட்டி, முனை மேல்நோக்கி வடிக்கும் முறை' என்று நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டான். கேசட்டின் இரண்டு பக்கமும் நிறையப் பதிவு செய்தான். பழைய ஊசிகளையும் ஒரு தடவை செருகிப் பார்த்திருக்கலாம். முதல் வருஷ மாணவனுக்குக்கூட அது தோன்றியிருக்கும். ஆராய்ச்சியில் கரைகண்டவனுக்குத் தோன்றவில்லை.

சாயங்காலம் அப்பாவுக்கு அந்தக் கேசட்டைப் போட்டுக் காட்டினான். பொன்னுரங்கம் துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரை கேட்டார்.

"இது இன்னா சொல்லுது?"

"பின்னால காத்து வருது, ஓடிடுன்னு காலுக்குச் சொல்லுது, நைனா."

"பூச்சி பேசறத நீ கேட்டுட்ட" என்றார் அவர். மறுநாள் சாலையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் அதைச் சொன்னார். வேலை முடிஞ்சிடுச்சி என்று இந்தத் தடவை மகன் சொன்னது நிஜம் என்பதால், அவனும் மரத்துக்கு அந்தப் பக்கமே போய் நின்றான்.

மறியல் முடிந்தது. மரங்களை அப்புறப்படுத்தி, கம்பியை இழுத்துக் கட்டினார்கள். குழுவுக்குக் காட்ட இன்னும் இரண்டு ஊசி செய்து வைக்கலாம் என்று அவன் அப்சல் கடைக்குப் போய், புது ஊசியைச் செருகி, ஸ்பீக்கரைத் திருகிக்கொண்டிருந்தபோது கரன்ட் வந்தது. மேலே மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது.

ம்ம்ம்ம்.

இளஞ்செழியன் கையை எடுத்துவிட்டுச் சிலையாக உட்கார்ந்தான். அப்சல் மெயினை அணைத்தான், முனகல் குறைந்தது. போட்டான், ஏறியது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நோட்டில் அடிக்கோடு போட்ட கண்டுபிடிப்பு மின்சார வாரியத்தின் உபயமாக இருக்கலாம் என்ற சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகம் தீர வேண்டுமானால், பழைய ஊசிகளைக் கரன்ட் வாடையே இல்லாத இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தெருவெல்லாம் கம்பி ஓடும் கள்ளக்குறிச்சியில் அதற்கு இடம் ஏது? அப்சல் மொபெட்டை எடுத்தான்.

கல்வராயன் மலையில் கரியாலூரைத் தாண்டி, மின்கம்பம் நின்றுபோகும் இடத்தையும் தாண்டி, ஒரு சாமைக் கொல்லையின் ஓரத்துப் பாறையில் கடையைப் பரப்பினார்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலில் மிச்சம் இருந்தது ஐந்து பூச்சி. முதலில் மூன்று வருஷத்துக்கு முன்னால் 'உபயோகமற்றது' என்று சீட்டு ஒட்டிய ஊசியை எடுத்துச் செருகினான். டப், டப் டப் என்றது. ஊதினான், பொரிந்தது. அடுத்தது ஐந்து வருஷத்துப் பழசு. அதுவும் பேசியது. பதினொன்றில் இரண்டுதான் ஊமை. ஒன்பது ஊசி அந்த மலைக்காற்றில் கணீரென்று பேசின. அப்சலின் புது ஊசி அவற்றை விடக் கொஞ்சம் தெளிவு, அவ்வளவுதான்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவன் கதை அதற்கு நேர் தலைகீழ். கூடம் நிஜமாகவே கோணல். இவன் ஏழு வருஷமாகத் தன் காலையே குறை சொல்லிக்கொண்டிருந்தான். அவன் முதலில் சிரித்தான், பிறகு முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். அப்சல் அழுகை ஓயட்டும் என்று காத்திருந்து, எந்த மோட்டாரைப் பார்த்தாலும் தான் முதலில் கேட்கும் கேள்வியைக் கேட்டான்.

"மெட்ராஸ்ல எர்த்து எங்க குடுத்திருக்க?"

"தண்ணிக் குழாய்ல. எங்க சார் காட்டுன குழாயி."

"கொழாய் இரும்பு. கீழ போற பைப்பு?"

அது அவனுக்குத் தெரியாது. ஏழு வருஷமாக அந்தக் குழாயில் கை கழுவியிருக்கிறான். குனிந்து பார்த்ததில்லை.

சென்னைக்குப் போன அன்றே குனிந்து பார்த்தான். ஆராய்ச்சிக்கூடத் தொட்டிக்கு மேலே, குழாயின் கழுத்தில் எர்த் கம்பி இறுக்கமாகத்தான் கட்டியிருந்தது. தொட்டிக்குக் கீழே குழாய் போய்ச் சேர்ந்த இடத்தில் சாம்பல் நிற பிளாஸ்டிக் பைப். யாரோ என்றைக்கோ பழைய இரும்பை மாற்றியிருக்கிறார்கள். கரன்ட் முனகலை மண்ணுக்குள் இறக்கிவிட்டு நரம்பின் செய்திக்குக் காவல் நிற்க வேண்டிய கம்பி, ஏழு வருஷமாக பிளாஸ்டிக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தது. அவன் கடையில் போய்க் கல்லுப்பும் அடுப்புக் கரியும் வாங்கி வந்தான். ஜன்னலுக்கு வெளியே இடுப்பளவு குழி தோண்டி இரும்புக் கம்பியை நட்டு, உப்பும் கரியும் மாற்றி மாற்றிப் போட்டு, ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, குழாயிலிருந்த எர்த் கம்பியை அவிழ்த்து அந்த இரும்புக் கம்பியில் கட்டினான். தோட்டக்காரர் என்ன செடி என்று கேட்டார். ஆராய்ச்சிச் செடி என்றான்.

முப்பதாம் தேதி குழு வந்தது. கள்ளக்குறிச்சியில் பதிந்த கேசட்டைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் பட்டம் கிட்டத்தட்ட உறுதி. அது அவனுக்கு நன்றாகத் தெரியும். சாலையில் உட்கார்ந்திருந்த அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. கேசட்டைப் பையிலேயே விட்டுவிட்டான். சீட்டு ஒட்டிய பழைய ஊசியை எடுத்து, அவர்கள் கண் முன்னாலேயே பூச்சியில் செருகினான். அறையில் ட்யூப் லைட்டும் மின்விசிறியும் ஓடிக்கொண்டிருக்க, ஊசி பேசியது. இதில் நீங்கள் மேம்படுத்தியது என்ன என்று குழுவில் ஒருவர் கேட்டார்.

"ஊசியில பெருசா ஒண்ணும் இல்லைங்க சார். எர்த்து இல்லாம இருந்தது, போட்டேன்" என்று சொல்லி, குழாயைக் காட்டினான்.

பேராசிரியர் எழுந்து வந்து, வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு தொட்டிக்குக் கீழே குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்து, இந்தக் குழாயைக் காட்டியவன் நான்தான் என்று குழுவிடம் சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. குழு ஒரு வருஷம் அவகாசம் கொடுத்தது. வார்னிஷ் வடிக்கும் முறையை ஒழுங்காக அளந்து எழுதும்படி சொன்னது. தலைப்பில் 'மேம்படுத்தப்பட்ட' என்ற சொல்லை மட்டும் சிவப்பு மையால் அடித்துவிட்டது.

தீபாவளிக்கு ஊருக்கு வந்தான். அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று வந்தவனை இந்தத் தடவையும் பாவாடை முந்திக்கொண்டார். தோள்பட்டை அப்படியேதான் இருந்தது, ஆனால் அவர் வந்தது அதற்கல்ல. கிணற்று மோட்டார் தொட்டால் ஷாக் அடிக்கிறதாம். கடையில் அப்சல், செழியனையே கூப்பிட்டுக் குழி போடச் சொல்லுங்கள், அதில் அவன் இப்போது கில்லாடி என்று அனுப்பி வைத்தானாம். பத்து வருஷத்தில் முதல் தடவையாக, ஊரில் ஒருவர் அவனுக்கு நிஜமாகவே தெரிந்த ஒரு வேலையைக் கேட்டு வந்திருந்தார். கடப்பாரையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். பொன்னுரங்கம் உப்புப் பையையும் கரி மூட்டையையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

பாவாடை மோட்டாரை நிறுத்தப் போனார். குழி தோண்டியபடியே, அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் இளஞ்செழியன் சொன்னான். பொங்கலுக்குச் சொன்னது பொய் என்றான். டாக்டர் பட்டம் இன்னும் வரவில்லை, ஒரு வருஷம் போனால் வரலாம் என்றான். ஊசியில் குற்றம் இல்லாமலே ஏழு வருஷம் ஊசியைத் தீட்டிக்கொண்டிருந்ததையும், குழாய்க்குக் கீழே இருந்த பிளாஸ்டிக்கையும் சொன்னான். சாலையில் தன் பெயரைச் சொல்லியிருக்க வேண்டாம் என்றும் சொன்னான். சொல்லி முடித்தபோது குழி தேவைக்கு மேல் ஆழமாகியிருந்தது.

பொன்னுரங்கம் வரப்பில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று அவன் காத்திருந்தான்.

"அந்த ஏழு வருசமும் உங்க சாரு இன்னா சொல்லிக்கினு இருந்தாரு?"

"கூர் பத்தலன்னு, நைனா."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நம்ம பசங்களப் பத்தியும் இத்தினி காலமா அத்தயேதான்டா சொல்லிக்கினு இருக்காங்க. எர்த்து குடுத்திருக்குதான்னு எவன் குனிஞ்சி பாத்தான்?"

இளஞ்செழியன் குழிக்குள் நின்றபடி தலையைத் தூக்கி அவரைப் பார்த்தான். அவர் உப்புப் பையின் வாயை அவிழ்த்து, முதலில் கரியா உப்பா என்று கேட்டார். அவன் கரி என்றான்.